தாமசின் சொன்ன நேரம்

தாமசின் ஆக்ராய்ட் பிறந்த நேரம் யாருக்கும் தெரியாது. அவள் வாழ்க்கையை எழுத உட்கார்ந்தவனுக்கு இது பெரிய இடைஞ்சல். பெரிய மனிதர்கள் என்றால் முதல் பக்கத்திலேயே லக்னத்தையும் கிரகங்களையும் கட்டம் போட்டுக் காட்டிவிடலாம். மீதிப் பக்கங்களை அந்தக் கட்டமே எழுதிவிடும். தாமசினைக் கேட்டால், "பன்னி குட்டி போட்ட வாரம்னு எங்கம்மா சொல்லுவா. எந்தப் பன்னின்னு நான் கேக்கலை" என்பாள். பன்றியை வைத்து ஜாதகம் கணிக்கும் அளவுக்கு எங்கள் வெதர்பிரிட்ஜில் சாஸ்திரம் வளரவில்லை. ஆகவே அவள் வாழ்க்கையை நடந்தபடியே சொல்ல வேண்டியிருக்கிறது.

அவள் மருத்துவச்சி. ஊரில் பாதிப் பேரை இந்த உலகத்துக்கு இழுத்துப் போட்டவள். மீதிப் பேரை இழுத்துப் போட்டது அவளுடைய அத்தை. தாமசின், ராஜாவும் பிஷப்பும் இருந்த காலத்தில், பிஷப் முன்னால் மண்டியிட்டு, மருத்துவச்சிகள் எடுக்கும் சத்தியத்தை முறைப்படி எடுத்தவள். குழந்தையை மாற்றமாட்டேன், தகப்பன் பெயரை மறைக்கமாட்டேன், மந்திரம் போடமாட்டேன், ஏழை வீடு என்று போகாமல் இருக்கமாட்டேன். பிறகு தேசம் ராஜாவின் தலையை வெட்டியது, பிஷப்புகளை வீட்டுக்கு அனுப்பியது. தாமசினின் சத்தியத்தைத் திருப்பி வாங்கிக்கொள்ள மட்டும் யாரும் வரவில்லை. அவளும் அதை வைத்தே காலம் தள்ளினாள்.

கிரகங்கள்மேல் அவளுக்கு இருந்த பக்தி அசைக்க முடியாதது. படிக்கத் தெரியாது. ஆனால் வருஷா வருஷம் பஞ்சாங்கம் வாங்குவாள். அதில் ஒரு அம்மண மனிதன் படம் இருக்கும். தலையில் ஆடு, தோளில் இரட்டையர், காலில் மீன் என்று பன்னிரண்டு ராசியும் அவன் உடம்பில் ஏறி உட்கார்ந்திருக்கும். அதைக் கிழித்து, அடுப்புக்கு மேலே உப்புக்கண்டம் தொங்கும் கொக்கிக்குப் பக்கத்தில் மாட்டிவைப்பாள். சந்திரன் மீனத்தில் இருந்தால் கால் நகம் வெட்டமாட்டாள். "ஏன் தாயே?" என்று கேட்டால், "மீனுக்குப் புடிக்காது" என்பாள். இதைவிடத் தெளிவான விளக்கத்தை ஆக்ஸ்ஃபோர்டில் படித்தவர்களிடமும் நான் கேட்டதில்லை.

அந்த மீனைப் பற்றி அதிகம் தெரிந்தவர் பாலத்தருகே உயரமான வீட்டில் இருந்த சோசியர் அம்புரோஸ் ஃபெல். காணாமல் போன மாட்டுக்குத் திசை சொல்வார், கப்பலில் போன கணவனுக்கு உயிர் இருக்கிறதா என்று பார்ப்பார், வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகளுக்கு ஜாதகம் எழுதுவார். அவர் ஏமாற்றுக்காரர் இல்லை. இருந்திருந்தால் இன்னும் நல்ல கோட்டு போட்டிருப்பார். ஜாதகத்துக்குப் பிறந்த நேரம் வேண்டும். பிறந்த நேரத்தைச் சொல்லவேண்டியவள் தாமசின். இப்படி எங்கள் ஊரில் வானமும் பூமியும் சந்திக்கும் இடம் அவளுடைய வாயாக இருந்தது. நான் சொல்லப்போகும் வருஷம்வரை அவள் அந்த வாயால் ஒரு பொய் சொன்னதில்லை.

அந்த வருஷத்துப் பஞ்சாங்கங்கள் எல்லாம் ஒரே குரலில் ஒன்றைச் சொல்லின. வசந்தத்தில் ஒரு திங்கட்கிழமை காலையில் சூரியன் மறையும், பட்டப்பகல் நள்ளிரவாகும், வானத்திலிருந்து விஷக்காற்று இறங்கும், பறவைகள் செத்து விழும், அப்புறம் அரசாங்கம், சட்டம், ஆட்டுமந்தை எல்லாம் தலைகீழாகும். ராஜாவின் தலையையே வெட்டிவிட்ட தேசம் அதற்குமேல் எதையும் நம்பத் தயாராக இருந்தது. கிரகணத்துக்கு முன்பே அதற்குக் 'கறுப்புத் திங்கள்' என்று பெயரும் வைத்தாகிவிட்டது.

சோசியர் சந்தையில் நின்று முன்ஜாக்கிரதைகளைச் சொன்னார். கிணற்றை மூடுங்கள். மாட்டைக் கொட்டிலில் கட்டுங்கள். ஜன்னல் பலகைகளைச் சாத்துங்கள். முக்கியமாக, யாரும் எட்டிப் பார்க்கக் கூடாது. பார்த்தவன் கண் போகும், அவன் குடும்பத்துக்கு ஏழு தலைமுறை ஆகாது. பாதிரியார் ஞாயிற்றுக்கிழமை பிரசங்கத்தில் சோசியத்தைக் கிழி கிழியென்று கிழித்தார். கடவுளை நம்பாமல் கிரகத்தை நம்புகிறவன் நரகத்துக்குத்தான் போவான் என்றார். பிரசங்கம் முடிந்து வீட்டுக்குப் போய், ஜன்னல் இடுக்குகளில் ஈரத் துணி திணித்தார். இறைச்சிக் கடைக்காரர் மைல்ஸ், உலகம் முடியப் போகிறதே என்று தன் மனைவி ஜூடித்திடம் அன்று சில பழைய விஷயங்களை ஒப்புக்கொண்டார். உலகம் முடியவில்லை. அதன் பலனை அவர் சாகும்வரை அனுபவித்தார்.

இவர்கள் எல்லோரையும்விடப் பயந்துபோயிருந்தவர் கம்பளி வியாபாரி ஜெர்வாஸ் ஹோல்ராய்ட். அவரைப் பார்த்துச் சிரிக்க எனக்கு மனம் வரவில்லை. அவருக்கு இரண்டு பிள்ளைகள் பிறந்து, இரண்டும் தொட்டிலிலேயே போய்விட்டன. சரியில்லாத நேரத்தில் பிறந்தவை என்று சோசியர் பிற்பாடு விளக்கினார். இப்போது அவர் மனைவி டோர்கஸ் நிறைமாதம். ஜெர்வாஸ் தேவாலய முற்றத்தில், எல்லோரும் கேட்க, கையை உயர்த்திச் சொல்லிவிட்டார்:

"அந்த இருட்டுல பொறந்தா அது என் பிள்ளை இல்லை. என் பேரு கிடையாது. மேட்டுல இருக்கிற ஆட்டுக்காரன் வீட்டுக்குப் பால் குடிக்க அனுப்பிடுவேன். இன்னொண்ணைப் புதைக்க என்னால ஆகாது."

மேட்டு வீட்டுக்குப் பால் குடிக்கப் போன குழந்தைகள் நடந்து திரும்பி வந்ததாக ஊரில் யாருக்கும் ஞாபகம் இல்லை. இது ஜெர்வாஸுக்கும் தெரியும். டோர்கஸுக்கு நன்றாகவே தெரியும்.

அன்று முற்றத்திலிருந்து வீடு திரும்பும் வழியில் தாமசின் டோர்கஸின் முழங்கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"கண்ணு, திங்கக்கிழமை வலி எடுத்தா யாரும் வந்து என்னைக் கூப்பிடமாட்டாங்க. மாடி ஜன்னல்ல ஒரு வெள்ளைத் துணியைத் தொங்கவிடு. எங்க வீட்டுலேர்ந்து தெரியும்."

"நீங்க ஜன்னலைத் திறப்பீங்களா? கண்ணு போயிடுமே!"

"ஒரு கண்ணால பாக்குறேன். இன்னொண்ணு மிஞ்சும்ல."

திங்கட்கிழமை விடிந்தது. சாதாரணமாக இருந்ததே ஊருக்குப் பெரிய கிலியாக இருந்தது. தெருவில் ஒரு ஜீவன் இல்லை. மணி அடிக்கவேண்டிய கோயில் காவலர் ஒபதியா கல்லறை நிலவறைக்குள் போய்ப் படுத்துக்கொண்டதால் மணியும் இல்லை. ஜெர்வாஸ் ஞாயிறு மத்தியானமே பாதாள அறைக்குள் இறங்கியாயிற்று: ஒரு பன்றித் தொடை, ஒரு ஜாடி பீர், ஒரு வேதாகமச் சங்கீதப் புத்தகம். சாவின் சத்தம் கேட்கக் கூடாதென்று இரண்டு காதிலும் கம்பளி. கம்பளி வியாபாரி; நல்ல கம்பளியாகத்தான் அடைத்திருப்பார். வேலைக்காரி தன் அம்மா வீட்டுக்கு ஓடிவிட்டாள். வழக்கமாகப் பிரசவத்துக்கு வந்து கட்டிலைச் சுற்றி உட்கார்ந்து, முட்டை அடித்த சூடான பீரைத் தாயைவிட அதிகமாகக் குடிக்கும் அண்டைவீட்டுப் பெண்களில் ஒருத்தி கூட இல்லை.

மாட்டில் பால் கறந்து முடிந்து, சூரியன் நன்றாக ஏறிய பிறகுதான் வெள்ளைத் துணி தெரிந்தது. தாமசின் ஒற்றைக் கண்ணால் பார்த்தாள். மாவு பிசையும் துணியை வினிகரில் நனைத்துத் தலையில் போட்டுக்கொண்டாள். அடுப்புக்கு மேலே இருந்த அம்மண மனிதனைப் பார்த்து, "என் தலையில இன்னிக்கு யாரும் உக்காராதீங்கப்பா" என்று கேட்டுக்கொண்டு வெளியே வந்தாள். அவளுக்குப் பயம் இல்லை என்று எழுத ஆசைதான். ஆனால் சந்தைத் தெரு முழுவதும் அவள் பற்கள் தட்டிக்கொண்டே போனதை, சாத்திய ஜன்னல்களுக்குப் பின்னாலிருந்த ஊரே கேட்டது.

இறைச்சிக் கடை மாடிப் பலகையில் ஒரு விரல் அகல இடுக்கு விழுந்தது.

"அடி தாமசின்! புத்தி கெட்டுப்போச்சா? உள்ள போடி!"

"போறேன் ஜூடித். டோர்கஸ் வீட்டுக்கு உள்ள."

"விஷக்காத்து இறங்குதாமே!"

"அதான் மூச்சைப் புடிச்சிக்கிட்டு நடக்குறேன். பேச வெக்காதே!"

எதிர் வீட்டிலிருந்து ஒரு ஆண் குரல்: "தாமசினம்மா, தலையில என்ன துணி?"

"வினிகர்."

"உதவுமா?"

"நீங்க வந்து போட்டுப் பாருங்க."

பலகை படக்கென்று மூடிக்கொண்டது. பாலத்தருகே வந்தபோது மேலே கூரையிலிருந்து சத்தம் வந்தது. சோசியர் அம்புரோஸ் ஃபெல், சூரியனின் பிம்பத்தைத் தண்ணீர் வாளியில் பார்ப்பதற்காகக் கூரைமேல் குந்தியிருந்தார். ஊரில் பார்க்க உரிமையுள்ள ஒரே மனிதர்.

"ஓடுங்கம்மா, ஓடுங்க! விளிம்புல கடிக்க ஆரம்பிச்சாச்சு!"

"நான் ஓடுனா விழுவேன் சோசியரய்யா. அதைக் கொஞ்சம் மெதுவாக் கடிக்கச் சொல்லுங்க!"

அவள் டோர்கஸின் அறைக்குள் நுழைந்து, வெள்ளைத் துணியை இழுத்துவிட்டு ஜன்னலைச் சாத்தியபோது, வெளியே சாயங்கால மழைக்கு முந்தைய மங்கல் மாதிரி ஒன்று வந்தது. கோழிகள் குழம்பின. ஒரு நாய் ஊளையிட்டு, பதில் வராததால் நிறுத்தியது. டோர்கஸ், "வேண்டாம், இப்ப வேண்டாம், கொஞ்சம் பொறுத்து" என்று குழந்தையிடம் கெஞ்சிக்கொண்டிருந்தாள். குழந்தை அதன் தகப்பனைப் போலப் பிடிவாதம். சரியாக அந்த மங்கலுக்கு நடுவில், விளக்கேற்றக் கை ஒழியாத நேரத்தில், தாமசினின் கைக்குள் வந்து விழுந்து, வீடு அதிரக் கத்தியது. ஆண் குழந்தை.

வெளியே மங்கல் விலகி வெயில் அடித்தது. பறவைகள் சாகவில்லை. அரசாங்கம் அப்படியே இருந்தது, அது ஒன்றுதான் பலருக்கு வருத்தம்.

"பொறந்துட்டான். இந்த நேரத்துல பொறந்துட்டான்" என்று டோர்கஸ் அழுதாள். "அவர் அனுப்பிடுவாரு. மேட்டுக்கு அனுப்பிடுவாரு."

தாமசின் குழந்தையைத் துடைத்துக்கொண்டே யோசித்தாள். அவளுடைய யோசனை எப்படிப் போயிற்று என்று பல வருஷம் கழித்து அவளே எனக்குச் சொன்னாள். பிஷப் முன்னால் எடுத்த சத்தியத்தை வரி வரியாக மனசுக்குள் ஓட்டிப் பார்த்தாளாம். குழந்தையை மாற்றக் கூடாது, மாற்றவில்லை. தகப்பன் பெயரை மறைக்கக் கூடாது. அதற்காகத்தானே இந்தப் பாடு. மந்திரம் கூடாது, போடவில்லை. நேரத்தைப் பற்றி பிஷப் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அப்புறம் கிரகங்கள். அவை எங்கோ உயரத்தில் இருக்கின்றன. ஹோல்ராய்ட் வீட்டு மாடியறைக்குள் அவை பார்க்க முடியாது, ஜன்னல் சாத்தியிருந்தது. சோசியர் எழுதிக் காட்டினால்தான் அவற்றுக்கு விஷயம் போகும். சோசியருக்கு யார் சொல்வது?

பாதாள அறைக் கதவைத் தட்டினாள். உதைத்தாள். கடைசியில் ஜெர்வாஸ் காதிலிருந்து கம்பளியைப் பிடுங்கிக்கொண்டு மேலே வந்தார்.

"ஆம்பளைப் புள்ளை ஐயா. எப்பவோ பொறந்தாச்சு. விடியறதுக்கு முன்னாடி, பால் கறக்குற நேரம். உங்களைத் தட்டித் தட்டி என் கைதான் வீங்கிப்போச்சு."

ஜெர்வாஸ் அங்கேயே படியில் உட்கார்ந்து அழுதார்.

இதோடு முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆனால் சந்தோஷம் வந்த மனிதன் சும்மா இருப்பதில்லை. ஜாதகம் எழுதச் சோசியரைக் கூப்பிட்டார். அந்த வார முடிவில், மாடியில், டோர்கஸின் கட்டில் தெரியும் முன்கூடத்தில், அம்புரோஸ் ஃபெல் மேசைமேல் தாளை விரித்தார். ஒரு பக்கம் ஜெர்வாஸ். எதிரில் தாமசின். திறந்த கதவு வழியே டோர்கஸ் குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"பால் கறக்குற நேரம்..." என்று சோசியர் கட்டம் போட்டார். தாமசினை ஒரு முறை நிமிர்ந்து பார்த்தார். பிறகு பேனாவைக் கீழே வைத்தார். "லக்னத்துல செவ்வாய். நல்லா இல்லையே. பையன் தூக்குமேடைவரைக்கும் போவான் போலிருக்கே."

ஜெர்வாஸ் எழுந்துவிட்டார்.

"பால் கறக்குற நேரம்னா," என்றாள் தாமசின் அவசரமாக, "கறக்குற நேரம் இல்லை. மாட்டை எழுப்புற நேரம். மாடு அன்னிக்குச் சீக்கிரமே எழுந்துடுச்சு, பயத்துல."

சோசியர் வேறு தாளில் எழுதினார். "இங்க சனி. தண்ணியில கண்டம்."

"அப்ப அதுக்கும் கொஞ்சம் முன்னாடி இருக்கும். நான் சரியாக் கவனிக்கலை. முதல் கோழி கூவுச்சு, அது ஞாபகம் இருக்கு."

சோசியர் மூன்றாவது தாள் எடுத்தார். போட்டார். அவர் முகம் மலர்ந்தது. "வியாழன்! கோழிதான் சரி. பையன் தீர்ப்பு சொல்லும் இடத்துல உக்காருவான். நீதிபதி யோகம்!"

"இருங்க" என்றார் ஜெர்வாஸ். "புள்ளை பொறந்தது ஒரு தடவைதானே? சந்தையில ஆட்டுக்குப் பேரம் பேசுற மாதிரி நேரம் நகந்துகிட்டே போகுதே?"

"இதுக்கு நேரத்திருத்தம்னு பேரு" என்றார் சோசியர், ரோஷத்தோடு. "பெரிய மேதைகள் கையாண்ட முறை."

"மேதைகள் என் வீட்டுல பிரசவம் பாக்கலை." ஜெர்வாஸ் தாமசின் பக்கம் திரும்பினார். "தாமசினம்மா, நீங்க எப்ப இந்த வீட்டுக்கு வந்தீங்க?"

"ஞாயித்துக்கிழமை ராத்திரி ஐயா."

"யாராவது பாத்தாங்களா?"

கட்டிலில் டோர்கஸ் குழந்தையின் காதைக் கையால் மூடினாள், அது எதுவும் கேட்டுவிடக் கூடாது என்பதுபோல.

ஜெர்வாஸ் ஜன்னலைத் திறந்து தெருவைப் பார்த்துக் கத்தினார். ஜூடித் வந்தாள். எதிர்வீட்டு மனிதர் வந்தார். ஒபதியா வந்தார். பாதிரியாரும், கூட்டம் கூடிய இடத்தில் தன் கடமை இருக்கும் என்று வந்தார். அவர் பின்னால் நானும் போனேன்.

"ஜூடித், திங்கக்கிழமை காலையில இந்தம்மா தெருவுல போறதைப் பாத்தியா?"

ஜூடித் வாயைத் திறந்தாள். அந்தத் தெருவில் ஒரு எலி போனாலும் அதன் பூர்வீகம் சொல்லக்கூடியவள். வார்த்தை நாக்கின் நுனிவரை வந்ததை நானே பார்த்தேன். அப்போது சோசியர் லேசாகத் தொண்டையைக் கனைத்தார்.

"ஜன்னலைத் தொறந்து பாத்திருந்தா மட்டும் சொல்லும்மா. ஏழு தலைமுறை சமாச்சாரம்."

ஜூடித்தின் வாய் மூடிக்கொண்டது. "நானா? ஜன்னலையா? என் மூணு பொண்ணுங்க மேல சத்தியமா நான் போர்வைக்குள்ள இருந்தேன்! ஏதோ பல்லு தட்டுற சத்தம் கேட்டுது. அது என் வீட்டுக்காரர் பல்லாத்தான் இருக்கும்."

எதிர்வீட்டு மனிதர், தான் ஜன்னல் இருக்கும் சுவரையே பார்க்கவில்லை என்றார். ஒபதியா பிணங்களோடு இருந்ததற்குப் பிணங்களே சாட்சி என்றார். "ஐயா, உங்க வீட்டு ஜன்னல்?" என்று ஜெர்வாஸ் கேட்டபோது பாதிரியார், கிரகணத்துக்கெல்லாம் ஜன்னல் சாத்துகிற ஆள் நான் இல்லை, ஆனால் அன்று தற்செயலாகச் சாத்தியிருந்தது என்றார். ஊர் முழுக்க விசாரித்தாலும் இதே பதில்தான் வந்திருக்கும். தாமசினோடு பேசாத வீடு அந்தத் தெருவில் இல்லை. அவளைப் பார்த்த வீடும் இல்லை.

கடைசியில் ஜெர்வாஸ் சோசியரிடம் திரும்பினார்.

"நீங்க பாக்கலாமே. உங்களுக்குத் தோஷம் கிடையாதே. கூரை மேலதானே இருந்தீங்க? பாலத்தைத் தாண்டாம இவங்க இங்க வர முடியாது."

தாமசின் சோசியரைப் பார்க்கவில்லை. தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அம்புரோஸ் ஃபெல் தன் சாஸ்திரத்தை உயிராக நம்பியவர். பிறந்த நேரம் சரியாக இருந்தால் ஒரு மனிதனின் வாழ்க்கை முழுவதையும் படித்துவிடலாம் என்று முப்பது வருஷம் சொல்லிவந்தவர். அவர் மூன்று தாள்களையும் பார்த்தார். திறந்த கதவைப் பார்த்தார்.

"ஹோல்ராய்ட் ஐயா," என்றார், "நான் மேலே பாத்துக்கிட்டிருந்தேன். எங்க தொழில்ல மேலேதான் பாக்கணும். தெரு எங்க பாடத்துல கிடையாது."

சொல்லிவிட்டு வியாழன் இருந்த தாளில் கையெழுத்துப் போட்டார். போடும்போது அவர் முகம் கசப்பு மருந்து குடித்தவர் முகம் மாதிரி இருந்தது. ஜெர்வாஸ் அந்தத் தாளை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். குழந்தைக்கு முதல் முறையாகத் தன் கையை நீட்டினார். அது அவர் விரலைப் பிடித்துக்கொண்டு விடவில்லை.

வெளியே வந்ததும் தாமசின் சோசியரிடம் மெதுவாகச் சொன்னாள்: "உங்களுக்குப் பாவம் வந்துடுமே ஐயா."

"உங்க வினிகர் துணியைக் கொஞ்சம் குடுங்க" என்றார் அவர்.

ஊர் வாய் திறக்கவில்லை. ஆனால் ஊருக்குப் புரிந்துவிட்டது. அதன் பிறகு தாமசினைத் தேடி வந்த கர்ப்பிணிகள் ஓட்ஸ் ரொட்டியும் வெண்ணெயும் கொண்டுவந்து, "ஒரு நல்ல நேரமாப் பாத்து..." என்று இழுத்தார்கள். தாமசின் யாரையும் ஏமாற்றவில்லை. ஜாதகம் எழுத வழியே இல்லாத தோல் பதனிடுகிறவன் பிள்ளைக்கும், "முதல் கோழி" என்றே சொன்னாள். ஏழை வீடு என்று விடக்கூடாது என்று சத்தியம் இருக்கிறதே. இன்று எங்கள் ஊரில் இளவட்டம் முழுவதும் முதல் கோழிக்குப் பிறந்தவர்கள். அத்தனை பேருக்கும் நீதிபதி யோகம். குற்றவாளிகளுக்குத்தான் ஆள் பற்றாக்குறை.

ஹோல்ராய்டின் மகன் ஜோசையா நன்றாக வளர்ந்தான். வருஷச் சந்தையில் எந்தக் கிடாய் சிறந்தது என்று தீர்ப்பு சொல்லும் நாற்காலியில் அவனை உட்கார வைத்தபோது, கிழவராகியிருந்த அம்புரோஸ் ஃபெல் கூட்டத்தை இடித்துக்கொண்டு முன்னால் வந்து, "தீர்ப்பு சொல்லும் இடம்னு சொன்னேனா இல்லையா?" என்று எல்லோரையும் கேட்டார். சொன்னதுதான். மறுக்க முடியாது.

தாமசினுக்குக் கடைசியில் கால் வீங்கி எழுந்திருக்க முடியாமல் போயிற்று. ஜோசையா ஒரு மத்தியானம் அவளைப் பார்க்க வந்தான். நான் அவளுக்கு ரொட்டி கொண்டுபோயிருந்தேன். அவன் தொப்பியைக் கையில் வைத்துச் சுற்றிக்கொண்டே நின்றான்.

"அப்பா போயிட்டாரு. இனிமே யாருக்கும் நஷ்டம் இல்லை. நிஜத்தைச் சொல்லுங்க. நான் அந்தக் கிரகணத்துலதானே பொறந்தேன்?"

தாமசின் அடுப்புக்கு மேலிருந்த அம்மண மனிதனைப் பார்த்தாள்.

"வெளிச்சம் கம்மியா இருந்துதுடா. தடவித்தான் எடுத்தேன் உன்னை. தலை, தோளு, கையி, காலு எல்லாம் இருந்துது. அதுக்கு மேல நான் பாக்கலை."

அவன் அவள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கிரகங்களின் பிடி ஒரு மனிதன்மேல் தளர்வதைக் கண்ணால் பார்க்கிறோம் என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு அவன் குனிந்து, குரலைத் தாழ்த்தி, "என் பொண்டாட்டிக்கு அடுத்த மாசம்" என்றான். "உங்களால வர முடியாட்டியும் பரவாயில்லை. நீங்க சொன்னதா இருக்கட்டும். எனக்குச் சொன்ன அதே நேரத்தையே சொல்லிடுங்க. எனக்கு நல்லாத்தானே இருந்துது."

தாமசின் தன் வீங்கிய காலை இழுத்து, கட்டிலிலிருந்து கீழே வைக்கப் பார்த்தாள்.

"முதல்ல பொறக்கட்டும்டா" என்றாள். "அந்த வினிகர் துணியை எடு. வலி எடுத்தா நாற்காலியில வெச்சு என்னைத் தூக்கிட்டுப் போங்க."